ஒரு தடவை பார்த்த படம்

2025 ஜூலை 20, ஞாயிறு. கும்பகோணம்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஆகஸ்ட் மாதப் படம் முடிவாகிவிட்டது. 'மகாநதி'. ஆடிப்பெருக்கு அன்று சாயங்காலம், டியூஷன் சென்டர் மாடியில். "காவிரிக் கரையில உட்கார்ந்துகிட்டு, காவேரின்னு பேர் வெச்ச பொண்ணோட கதையைப் போடாம வேற எதைப் போடுறது?" என்று சார் கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். முன்னுரையாகப் பதினைந்து நிமிடம் பேசும் வேலையும் எனக்கே வந்தது. சரி என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. பேச வேண்டுமென்றால் படத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

கமல் நடித்து 1994 பொங்கலுக்கு வந்த படம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நாச்சியார்கோவில் பக்கத்திலிருந்து பஸ் ஏறி அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கும்பகோணம் வந்து பார்த்தோம். திரையில் கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமம், வயல், ஆறு, பொங்கல் பாட்டு என்று வந்தபோது தியேட்டரே விசிலடித்தது. நம்ம ஊர் மாதிரியே இருக்கு என்று அம்மா என் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தாள். படம் முடிந்து வெளியே வந்தபோது மூன்று பேரும் பேசவில்லை. பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

தமிழில் எடுத்த மிகச் சிறந்த படங்களில் ஒன்று அது என்று அன்றே தெரிந்தது. இன்றும் யாரிடமும் தயங்காமல் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இந்த 31 வருடத்தில் அதை மறுபடி பார்த்ததில்லை. டி.வி.யில் போட்டால் சேனலை மாற்றிவிடுவேன். 'ஸ்ரீரங்க ரங்கநாதனின்' பாட்டு மட்டும் தனியாக வந்தால் நின்று கேட்பேன். எத்தனையோ வீடுகளில் அந்தப் பாட்டு இப்படித்தான் படத்தை விட்டுப் பிரிந்து தனியாக வாழ்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

ராத்திரி தூக்கம் வராமல், இந்த மாதிரி எனக்கு வேறு என்னென்ன படங்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். 'விசாரணை' உண்டு. வெற்றிமாறனுடையது, கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், போலீஸ் காவலில் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொத்தடிமையாகச் சிக்கியவர்களைப் பற்றிய பாலாவின் 'பரதேசி'யும் உண்டு. அதன் கடைசிக் காட்சியை நினைத்தாலே டீ டம்ளரைக் கீழே வைத்துவிடத் தோன்றும்.

ஆனால் முதலில் வந்து நின்றது ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம். 'ஹோதாரு நோ ஹாகா', மின்மினிகளின் கல்லறை. இசாவோ தகஹாதா எடுத்தது, 1988. இரண்டாம் உலகப் போரில் கோபே நகரத்தில் குண்டு விழுந்து அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பையனும் அவனுடைய நாலு வயதுத் தங்கையும். அவ்வளவுதான் கதை. பையன் செத்துப்போகிறான் என்பதைப் படம் முதல் வரியிலேயே, அவன் குரலிலேயே சொல்லிவிடுகிறது.

2019இல் மகள் தூங்கிய பிறகு தனியாகப் பார்த்தேன். குண்டு விழும் காட்சிகளைத் தாங்க முடிந்தது. அம்மாவின் கிமோனோக்களைக் கொடுத்து அரிசி வாங்கும் இடத்தில் உடைந்துவிட்டேன். சின்னவள் துணியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வெள்ளை வெளேரென்று அரிசி ஜாடியில் விழும். நாமோ நெல் விளையும் ஊரில் பிறந்தவர்கள். அரிசி இல்லாத குழந்தையைப் பார்ப்பது நமக்கு வேறு மாதிரி வலிக்கிறது. கடைசியில் அந்தப் பெண் மண்ணையும் கல்லையும் எடுத்துவைத்து, சோற்று உருண்டை சாப்பிடு என்று அண்ணனிடம் நீட்டுவாள். அன்று ராத்திரி சமையலறைக்குப் போய் அரிசி டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

மூலக்கதையை எழுதியவர் அகியுகி நோசாகா. 1945இல் அவருடைய சின்னத் தங்கை பட்டினியால் இறந்துபோனாள். இருபது வருடத்துக்கு மேல் கழித்து, அவளிடம் மன்னிப்புக் கேட்பது போல் எழுதினார். தகஹாதாவும் ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சில் உயிர் தப்பியவர்தான். இதில் என்னால் இன்றும் நம்ப முடியாதது ஒன்று. ஜப்பானில் இந்தப் படமும் 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற சந்தோஷமான குழந்தைகள் படமும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில், சேர்ந்து வெளிவந்தன. டோட்டோரோவை என் மகள் இருபது தடவையாவது பார்த்திருப்பாள். இதையும் ஒருநாள் அவளுக்குக் காட்டுவேன். அவளோடு உட்கார்ந்து பார்ப்பேனா என்று தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். பகவத் படித்துறையில் நல்ல கூட்டம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. இந்த வருடம் மேட்டூர் ஜூன் 12ஆம் தேதியே திறந்துவிட்டதால் அப்பா முகமே தெளிவாக இருந்தது. குறுவை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து காபி கொடுத்த பிறகு சொன்னேன். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு மகாநதி போடுறோம்பா. நீங்களும் வாங்களேன்."

டம்ளரை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நல்ல படம்மா அது. ஒரு தடவை பார்த்ததே போதும்."

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். 93 ஐப்பசியில் மூன்று மா நிலத்தை விற்று, பணத்தை ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டிருந்தார். ஏஜென்ட் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா போட்ட காபியைக் குடித்து, என் படிப்பையும் கல்யாணத்தையும் பற்றித்தான் பேசினான். மூன்று மாதத்தில் பொங்கல். தியேட்டரில், கமல் நடித்த கிருஷ்ணசாமியின் கிராமத்துக்குச் சீட்டுக் கம்பெனி யோசனையோடு ஒருவன் வந்து சிரித்துப் பேசுகிறான். அடுத்த வாரமே அப்பா பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனார். தவணை முடியாமல் தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். தவணை முடிவதற்குள் கதவில் பூட்டுத் தொங்கியது.

எல்லோரும் படம் பார்த்துவிட்டுப் பயந்தார்கள். அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவருக்கு நடந்துகொண்டிருந்தது.

ஜூலை 26, சனி

முன்னுரைக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். பார்க்காமலே நினைவில் இருப்பது ஏராளம். கிருஷ்ணா, யமுனா, காவேரி, சரஸ்வதி, பரணி என்று எல்லோருக்கும் ஆற்றின் பெயர். பூர்ணம் விஸ்வநாதனின் பஞ்சாபகேசன், சிறைக்குள் இருக்கும் ஒரே ஈரம். கமலோடு வசனம் எழுதியவர் ரா.கி. ரங்கராஜன். சந்தானபாரதி இயக்கம். தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது. தன் வீட்டில் வேலை பார்த்தவர்களே மகளைக் கடத்தத் திட்டம் போட்டதை அறிந்தபோது வந்த பயத்திலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று கமல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு அப்பாவின் பயம் எழுதிய கதை என்று படத்தைப் பார்த்த யாருக்கும் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

அப்புறம் அந்தக் காட்சி. கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த மகள் தூக்கத்தில் பேசுகிறாள். அப்பா கேட்கிறான். அதில் ரத்தம் இல்லை, அடிதடி இல்லை. ஒரு குழந்தை தூக்கத்தில் முனகுகிறது, அவ்வளவுதான். பதின்மூன்று வயதில் எனக்கு அதன் முழு அர்த்தமும் புரியவில்லை. பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

பேங்க்கில் வேலை பார்க்கும் தோழி போனில் சண்டைக்கு வந்தாள். மறுபடி பார்க்கவிடாத படம் எப்படி நல்ல படமாக இருக்க முடியும்? நல்ல பாட்டை ஆயிரம் தடவை கேட்கிறோமே என்றாள். துயரம்தான் பிரச்சினை என்றால் 'உதிரிப்பூக்கள்' மட்டும் சந்தோஷமா என்றும் கேட்டாள்.

நியாயமான கேள்வி. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' நான் ஐந்து தடவைக்கு மேல் பார்த்த படம். மனைவி லட்சுமி சாகிறாள், கடைசியில் புருஷன் சுந்தரவடிவேலு ஆற்றுக்குள் நடந்துபோகிறான், கரையில் குழந்தைகள். ஆனாலும் போய்ப் போய் உட்கார முடிகிறது. மத்தியானம் முழுக்க யோசித்ததில் ஒன்று தெளிவானது. அந்தப் படத்தில் யாரும் எதையும் எதிர்பார்க்க வைப்பதில்லை. துக்கம் முதலிலிருந்தே வீட்டில் ஒருத்தியைப் போல் கூடவே இருக்கிறது. 'மகாநதி'யில் ஒவ்வொரு தடவையும் நம்ப வைக்கிறார்கள். இனி சரியாகிவிடும், விடுதலை வந்துவிட்டது, பையன் கிடைத்துவிட்டான், பெண்ணும் கிடைத்துவிடுவாள். முதல் தடவை நம்மை நாற்காலியில் பிடித்துவைத்தது அந்த நம்பிக்கைதான். எங்கெங்கே அது முறியப்போகிறது என்று தெரிந்த பிறகு எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவது?

அவளிடம் இதைச் சொன்னேன். மின்மினிப் படத்தில்தான் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறார்களே, அதை ஏன் மறுபடி பார்க்க முடியவில்லை என்று திருப்பிக் கேட்டாள். பதில் இல்லை. பையன் செத்துவிட்டான் என்று தெரிந்தும் தங்கையாவது பிழைப்பாள் என்று நான் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, திங்கள்

ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பில் போட்டேன். படம் சிறையில்தான் தொடங்குகிறது, அதை மறந்தே போயிருந்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பக்கத்து அறையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இப்போது பதின்மூன்று.

ஜூலை 31, வியாழன்

சார் வீட்டுக்குப் போனேன். கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முன்னுரையை நினைவிலிருந்தே பேசட்டுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். அப்புறம் அவராகவே 'ராமையாவின் குடிசை'யைப் பற்றி ஆரம்பித்தார்.

பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த ஆவணப்படம். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒளிந்துகொண்ட ஒரே குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். அதில் உயிரோடு மிஞ்சியவர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். சார் அதை ஒரு தடவைதான் பார்த்தாராம். "நடிச்சுக் காட்டல. சும்மா உட்கார்ந்து சொல்றாங்க. அதுதான் தாங்க முடியல."

நான் எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ'யைச் சொன்னேன். 1985. பெலாரஸில் நாஜிகள் ஒரு கிராமத்தையே கொட்டகைக்குள் அடைத்துக் கொளுத்துவார்கள், ஒரு பையன் அதைப் பார்த்து முகமே கிழடாகிப்போவான். அதற்குப் பிறகு கிளிமோவ் இன்னொரு படம் எடுக்கவேயில்லை. சார் கேட்டுவிட்டுச் சொன்னார். "எங்கேயோ ரஷ்யாப் பக்கம் நடந்ததுன்னு நீ பார்த்திருப்பே. எனக்கு அது நாலஞ்சு மைல்."

படத்தை அவர் திரும்பப் பார்க்கவில்லை. ஆனால் எல்லா டிசம்பர் 25ஆம் தேதியும் வெண்மணிக்குப் போகிறார். நினைவிடத்தில் நின்றுவிட்டு, எழுதியிருக்கும் பெயர்களை முழுக்கப் படித்துவிட்டு வருகிறார். இந்த வருடம் நானும் வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

காலையில் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி. புதுத் தாலி மாற்றிக்கொள்ளும் பெண்கள். மகளுக்குக் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டேன். எலுமிச்சை, தேங்காய், புளி மூன்று சாதமும் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். வரமாட்டேன் என்றிருந்த அப்பா மத்தியானம் வந்து நின்றார். "சும்மா வந்து பார்க்கிறேன், கடைசி வரிசையில ஒரு நாற்காலி போடு."

மாடியில் இருபத்தாறு பேர். முன்னுரையை எட்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். பயத்தைப் பற்றிப் பேசவில்லை, ஆறுகளின் பெயர்களைப் பற்றி மட்டும் பேசினேன். மகள் இருக்கட்டுமா போகட்டுமா என்று ஒரு வாரமாக மனதுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. தாத்தா பக்கத்தில் உட்கார் என்று சொல்லிவிட்டேன்.

கிராமம் வந்தது. பொங்கல் பாட்டு வந்தது. அப்பா முழங்கால் மேல் கையை வைத்து முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயலைத்தான் பார்த்திருப்பார். சீட்டுக் கம்பெனிக்காரனாக நடித்த கொச்சின் ஹனீபா சிரித்தபடி வந்து பேச ஆரம்பித்ததும் எழுந்துவிட்டார். மகள் தோளைத் தட்டினார். "வாடாம்மா, ஆத்துல விளக்கு விடுவாங்க, பார்த்துட்டு வீட்டுக்குப் போவோம்." அவள் என்னைப் பார்த்தாள். போ என்று தலையசைத்தேன்.

நான் கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். வசனம் முழுதாகக் காதில் விழவில்லை, இசை மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. எந்த இடம் ஓடுகிறது என்று அதை வைத்தே தெரிந்தது. கல்கத்தா வந்தபோது உள்ளே போனேன். கதவோரம் நின்றபடி அந்தக் காட்சியையும் அடுத்ததையும் அடுத்ததையும் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. விளக்கு போட்ட பிறகும் ரொம்ப நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. சார்தான் முதலில் எழுந்து, சத்தமில்லாமல் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. மகள் தூங்கிவிட்டிருந்தாள். அப்பா வாசலில் ஈஸி சேரில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துச் செருப்பை மெதுவாகக் கழற்றினேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டானா?"

"கூட்டிட்டு வந்துட்டாம்பா."

"சரி. போய்ப் படு."