அரைவைக் கூலி நகரம்

சான் டியேகோவிலிருந்து தெற்கே போகும் ட்ராம், சான் இசிட்ரோவில் நின்றுவிடுகிறது. மேற்கொண்டு நடைதான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியருக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. முத்திரை குத்தினார்கள், இரும்புச் சுழல்கதவைத் தள்ளினேன், மெக்சிகோவின் எல்லை நகரமான டிஹுவானா வந்துவிட்டது. எதிர்த்திசையில் அமெரிக்காவுக்குள் போகக் காத்திருந்த வரிசைக்கு முடிவே தெரியவில்லை. மாலையில் நானும் அதில் நிற்க வேண்டும் என்ற நினைப்பை ஒதுக்கிவிட்டு நடந்தேன்.

எல்லோரையும் போல முதலில் ரெவலூசியோன் சாலைக்குப் போனேன். வரிக்குதிரை போலக் கோடு தீட்டிய கழுதையின் அருகே படமெடுக்கக் கூப்பிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் புகைப்படக் காலத்தில் வெளிறிய கழுதை படத்தில் சரியாக விழவில்லையாம். அதற்காகப் பூசிய கோடு, தொழிலாகவே நிலைத்துவிட்டது. 1920இல் அமெரிக்கா மதுவை விலக்கியபோது குடிக்க வந்த கூட்டத்தால் செழித்த தெரு இது. இன்று திரும்பிய பக்கமெல்லாம் மருந்துக்கடையும் பல் மருத்துவமனையும். அங்கே கிடைக்காதது அல்லது கட்டுப்படியாகாதது எதுவோ, அதை இங்கே விற்கிறார்கள்.

ஆனால் 1900இல் 242 பேர் வாழ்ந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் 19 லட்சத்தைத் தாண்டியதற்குக் கழுதையோ மதுவோ காரணமல்ல. உண்மைக் காரணத்தைப் பார்க்க ஒட்டாய் மேட்டுக்குப் போக வேண்டும். ஜன்னலே இல்லாத நீளமான வெள்ளைக் கொட்டகைகள். வாசலில் ஆட்களை இறக்கும் பழைய பள்ளிப் பேருந்துகள். வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பொருள்களைப் பூட்டித் தரும் இந்த ஆலைகளுக்கு மக்கிலாடோரா என்று பெயர். மூலச்சொல்லான ‘மக்கிலா’, மாவரைத்துக் கொடுப்பதற்காக ஆலைக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கு; நம் அரைவைக் கூலிதான். இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. தானியமும் அவர்களுடையது, மாவும் அவர்களுடையது.

அமெரிக்கப் பண்ணைகளுக்கு மெக்சிகோக் கூலிகளை அழைத்துப்போன ஒப்பந்தம் 1964இல் முடிந்தது. வேலையிழந்து எல்லையில் தேங்கியவர்களுக்காக 1965இல் மெக்சிகோ இந்த மக்கிலாடோராத் திட்டத்தைத் தொடங்கியது. உதிரிபாகங்கள் தீர்வையின்றி உள்ளே வரும். பூட்டி முடித்த பொருள் வெளியே போகும். தொலைக்காட்சிப் பெட்டிகளின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் இப்போது மருத்துவக் கருவிகள் பெரிய தொழில். 2019இல் எல்லைப் பகுதிக்கு மட்டும் குறைந்தபட்சக் கூலியை இரட்டிப்பாக்கி, நாளொன்றுக்கு 176.72 பெசோ ஆக்கினார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 9 டாலர். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் பெரிய நிறுவனங்களில் குறைந்தபட்சக் கூலி 12 டாலர், ஒரு மணி நேரத்துக்கு!

திரும்பும் வழியில் டாக்சிக்காரர் ஒரு சரிவைக் காட்டினார். தேய்ந்த டயர்களை அடுக்கி மண் நிரப்பி, மலைச்சரிவையே தாங்கவைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு வீடு. சுவர்கள், சான் டியேகோவில் கழித்துக்கட்டிய கார் கொட்டகைக் கதவுகள். ஒரு கதவில் பழைய கைப்பிடிகூட அப்படியே இருந்தது. பார்க்க வந்த எத்தனையோ காட்சிகளில் எனக்கு மறக்காதது அந்தக் கைப்பிடிதான்.

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றேன். பக்கத்து வரிசையில் சீருடையோடு நின்ற ஓர் அம்மாள் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு விடுதியில் இரவுத் துப்புரவு வேலை. சான் டியேகோவில் வாடகை கொடுக்க முடியாமல் இங்கே குடியிருக்கிறார். இப்போது அங்கிருந்து பலரும் வந்து குடியேறுவதால் இங்கும் வீட்டுக்காரர்கள் டாலரில் வாடகை கேட்கிறார்களாம்.

“வேலை எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன்.

“பத்து மணிக்கு. ஆறு மணிக்கே வந்தால்தான் போய்ச் சேர முடியும்.”

அந்த நான்கு மணி நேரத்துக்குக் கூலி உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் வரிசை நகர்ந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி முன்னால் போய் நின்றுகொண்டார்.