வடக்குச் சுவரில் ஒரு கணக்கு

வாஷிங்டனில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாலைப்பொழுது. ஃபாகி பாட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, இருபது நிமிடம் போல் நடந்து லிங்கன் நினைவகத்தை அடைந்தேன். பள்ளியில் மனப்பாடம் செய்த 'மக்களால், மக்களுக்காக' என்ற அந்த வரியைக் கல்லில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதற்கு மேல் பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

லிங்கன் இறந்தபோது ஒன்றியத்தில் இருந்த மாநிலங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, நினைவகத்தைச் சுற்றி 36 தூண்கள் நிற்கின்றன. நடுவே, 28 சலவைக்கல் துண்டுகளைப் பொருத்திச் செதுக்கிய 19 அடிச் சிலை. கூட்டம் முழுவதும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்ததால், இரு பக்கச் சுவர்களும் ஏறக்குறைய எனக்கே கிடைத்தன.

தெற்குச் சுவரில், நான் தேடி வந்த வரி இடம்பெறும் கெட்டிஸ்பர்க் உரை. 1863 நவம்பர் 19 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களம் ஒன்றின் கல்லறைத் திடலில் பேசப்பட்ட அந்த உரையை முழுவதுமாக நின்று படித்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாகக் கவனிக்காத ஒன்று உறைத்தது: அதில் அடிமை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்கிறார். சுதந்திரம் புதிதாகப் பிறக்க வேண்டும் என்கிறார். அதற்கு மேல் பெயர் சொல்லிப் பேசவில்லை. இத்தனைக்கும் அதே ஆண்டு ஜனவரி 1 அன்று அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். ஆனால் அந்தப் பிரகடனம் கிளர்ச்சி செய்த தென் மாநிலப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தோடு நின்ற எல்லை மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. நாட்டைப் பிளவுபடாமல் காப்பதற்காகத் தொடங்கிய போரை, அடிமைமுறையை ஒழிக்கும் போராகவும் மாற்றிக்கொண்டிருந்த மனிதர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டே பேசியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

வடக்குச் சுவரில் அந்தத் தயக்கம் கிடையாது. 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை பதவியேற்றபோது ஆற்றிய, ஏறத்தாழ 700 சொற்கள் கொண்ட உரை அது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வெற்றி முழக்கம் ஒன்றுகூட அதில் இல்லை. மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கினர் அடிமைகள். எப்படியோ இதுவே போருக்குக் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நேராகவே சொல்கிறார். அடுத்து வருவது கணக்கு. அடிமைகள் 250 ஆண்டுகள் கூலியின்றி உழைத்துக் குவித்த செல்வமெல்லாம் அழிந்து தீரும்வரை, சவுக்கடியில் சிந்திய ஒவ்வொரு துளி ரத்தத்துக்கும் வாளால் சிந்தும் ரத்தம் ஈடாகும்வரை இந்தப் போர் நீடிக்க வேண்டும் என்று இறைவன் நினைத்தால், அதுவும் நீதியே என்கிறார். இந்தத் தண்டனை தெற்குக்கு மட்டும் வந்ததென்று அவர் சொல்லவில்லை. வடக்கு, தெற்கு இரண்டுக்கும் வந்தது என்கிறார். பெரும்பாலோர் மேற்கோள் காட்டும் 'யார்மீதும் பகையின்றி' என்ற கடைசிப் பத்தி இந்தக் கணக்குக்குப் பிறகே வருகிறது. அதை மட்டும் தனியே பெயர்த்தெடுத்தால் வெறும் இனிய சொல்லாகிவிடும் என்பது என் எண்ணம்.

இதே சுவரில் ஒரு சிற்பியின் பிழையும் இருக்கிறது. முதல் பத்தியின் இறுதியில் 'எதிர்காலம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில், முதலெழுத்தான 'எஃப்', 'ஈ' என்று செதுக்கப்பட்டுவிட்டது. அடிக்கோட்டைப் பிறகு பூசி அடைத்திருக்கிறார்கள். ஆனாலும் விளக்கொளியில் அந்தத் தழும்பு நன்றாகவே தெரிகிறது.

அந்த உரையை நேரில் கேட்டவர்களில், மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸும் ஒருவர். அன்று மாலை வெள்ளை மாளிகை வரவேற்புக்குச் சென்ற அவரை வாசலிலேயே காவலர்கள் தடுத்தார்கள். செய்தி உள்ளே போனபின் அனுமதி கிடைத்தது. உரை எப்படி இருந்தது என்று லிங்கன் வற்புறுத்திக் கேட்க, அது ஒரு புனிதமான முயற்சி என்று டக்ளஸ் பதில் சொன்னார். ஆறே வாரத்தில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்த, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் டிசம்பரில் மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றபோது அவர் இல்லை.

1922 மே 30 அன்று இந்த நினைவகம் திறக்கப்பட்டபோது, கறுப்பினத்தவருக்குத் தனியே ஒதுக்கிய பகுதியில்தான் இருக்கைகள். அன்று பேசிய, கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கிகி கல்வி நிலையத்தின் கறுப்பினத் தலைவர் ராபர்ட் மோட்டனின் உரையிலிருந்த கடுமையான பகுதிகள் முன்கூட்டியே நீக்கப்பட்டிருந்தன. படியிறங்கும்போது, 1963இல் மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய இடத்தைக் குறிக்கும் எழுத்துகள் ஒரு படியில் பொறித்திருப்பதைக் கண்டேன். அதன்மேல் அமர்ந்து ஒரு சிறுவன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எழுந்து போகும்வரை காத்திருந்து அதையும் படித்துவிட்டு, கடைசி ரயிலைத் தவறவிடக் கூடாதே என்று வேகமாக நடந்தேன்.