வெங்காயத் தறையில் சனிக்கிழமைகள்

11.01.2025
தோட்டம் பழக என்னிடம் வந்தவர்கள் ஒன்பது பிள்ளைகள், நாலு பெரியாக்கள். கனடாவிலிருந்து லீவில் வந்து நிற்கிற அக்கா ஒருவரும் அதில் அடக்கம். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் அரைப் பரப்புத் தோட்டத் தறையில் வேதாளன் என்ற சின்ன வெங்காயம் நட்டோம். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று சொன்னால் மனதில் நிற்காது. நாலு வரம்பிலும் நடக்கவிட்டேன். வேர்ப்பக்கம் கீழே என்று சொல்லியும் சின்னவன் ஒருவன் ஏழெட்டைத் தலைகீழாய் ஊன்றிவிட்டான். பிடுங்கவிடவில்லை. அவனே பார்க்கட்டும்.

18.01.2025
இன்று தண்ணி மாறப் பழக்கினேன். வாய்க்காலில் தண்ணி வரும். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் வாயை அடைத்து அடுத்ததைத் திறக்கவேண்டும். வங்கியில் வேலை செய்யும் தம்பி அடைக்கப் பிந்திவிட்டார். வரம்பு உடைத்துக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளை ஒன்று ஓடிவந்து உடைப்பில் குதிக்காலை ஊன்றி, ஈரச் செம்மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அணைத்தாள். "ரீச்சர், தண்ணி கையைத் தள்ளுது!" அவளின் முகத்தை இப்பவும் நினைக்கிறேன்.

முன்பு கிணற்றில் இறைக்கத் துலா மிதிக்க ஒருவர், தண்ணி அள்ளும் பட்டை பிடிக்க ஒருவர், தண்ணி மாற ஒருவர். மூன்று பேரின் களைப்புத்தான் கிணற்றுக்குக் காவல். இப்போது இறைக்கிற மிசினுக்குக் களைப்பு இல்லை.

25.01.2025
புத்தூர், நிலாவரைக் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறில்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. நிலாவரையிலும் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு.

எப்படி மிதக்கும் என்று கேட்டார்கள். கண்ணாடிக் கிளாசில் பீற்றூட் சாறு கலந்த உப்புத் தண்ணி விட்டு, அதன்மேல் கரண்டியின் முதுகால் நல்ல தண்ணியை மெல்ல வார்த்தேன். சிவப்புக்கு மேலே தெளிவு. ஸ்ட்ரோவை மேல்மட்டத்தில் வைத்து உறிஞ்சச் சொன்னேன். முதல் மிடறுகள் நல்ல தண்ணி. அவசரப்பட்டு இழுத்தவன் முகத்தைச் சுளித்தான், ஸ்ட்ரோ சிவந்துவிட்டது. கனடா அக்கா, "எங்கட வீட்டுக் கிணறு உவராய்ப் போனது இதாலயோ ரீச்சர்?" என்று கேட்டார். கடல் கிட்ட என்றால், அளவுக்கு மிஞ்சி இறைப்பதும் ஒரு காரணம் என்றேன். அவர் பிறகு கனநேரம் பேசவில்லை.

15.02.2025
"இன்னும் கொஞ்சம் யூரியா போட்டால் என்ன?" என்று பெரியாக்கள். பயிர் எடுக்காத மிச்சம் மழை இறங்கிய அதே வெடிப்பால் கிணற்றுக்குத்தான் போகும். எங்கள் வலிகாமப் பகுதியில் பல தோட்டக் கிணறுகளில், யூரியாவும் மண்ணில் மாறி உண்டாக்குகிற நைத்திரேற்று குடிநீருக்கான அளவைத் தாண்டி நிற்கிறது. நானும் ஒரு காலத்தில் அள்ளிப் போட்டவள். அதையும் மறைக்காமல் சொன்னேன். இப்போது பசளைக்குப் பூவரசங்குழை, கிளிசறியாக் குழை, மாட்டெரு.

22.03.2025
எழுபதாம் நாள், கிண்டினோம். பிடி பிடியாய்க் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டாயிற்று. தலைகீழாய் நட்டவை கழுத்து வளைந்து, சின்னதாய் வந்திருந்தன. சின்னவன் அவற்றைத் தனியாய்ப் பொறுக்கி, "ரீச்சர், இது என்ர" என்று காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வருகிற சனி, இதே தறையில் சணல் விதைப்பு. பூக்கிற நேரம் பசளையாக மண்ணுக்குள் உழுது தாட்கவேண்டும்.