எடைமேடைச் சீட்டில் அறுபது கிலோ அதிகம்

மெல்பர்னிலிருந்து அடிலெய்டுக்குக் குடும்பத்தோடு புறப்படுவதற்கு முந்தைய நாள், காரின் பின்னால் பூட்டி இழுத்துச்செல்லும் எங்கள் கேரவன் வீட்டைப் பொது எடைமேடைக்குக் கொண்டுபோய், காரிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்தி எடை பார்த்தேன். சீட்டில் 2460 கிலோ என்று வந்தது. கேரவனின் தகட்டில் பொறித்திருந்த ஏடிஎம் 2400 கிலோ. பணம் எடுக்கும் இயந்திரத்தின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். கழற்றி நிறுத்திய கேரவன், உள்ளிருக்கும் சாமான்கள் அனைத்தோடும் சேர்த்து இருக்கக்கூடிய உச்ச எடை என்பது அதன் பொருள்.

அதே தகட்டில் 'டேர்' எனப்படும் வெற்று எடை 1980 கிலோ என்று இருந்ததால், 420 கிலோ ஏற்றலாம் என்ற தைரியத்தில் இருந்தேன். தண்ணீர்த் தொட்டிகள் இரண்டும் நிரம்பினால், தொட்டிக்கு 95 லிட்டர் வீதம், 190 கிலோ அதிலேயே போய்விடுகிறது. இரண்டு சிலிண்டர்களின் எரிவாயு 18 கிலோ. மிச்சமிருக்கும் 212 கிலோவுக்குள் நால்வரின் படுக்கை, துணிமணி, பாத்திரங்கள், அரிசி, மடக்கு நாற்காலிகள் எல்லாம் அடங்க வேண்டும். போதாததற்கு, வெற்று எடை குறிக்கப்பட்ட பிறகு பொருத்திய சூரியத் தகடும் இரண்டாவது பேட்டரியும் அந்த 212-லிருந்துதான் கழிகின்றன என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

காரின் பக்கம் வேறு வரம்புகள் உள்ளன. ஜிவிஎம் என்பது ஆட்கள், எரிபொருள், சாமான்கள் ஆகியவற்றோடு, காரின் பின்னால் கேரவனைப் பூட்டும் கொக்கியின் மேல் கேரவன் அழுத்தும் எடையும் சேர்ந்து காருக்குரிய உச்சம். ஜிசிஎம் என்பது காரும் கேரவனும் சேர்ந்த மொத்தத்துக்கான உச்சம். '3500 கிலோ இழுக்கும்' என்று விற்கப்படும் யூட் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள) வண்டி ஒன்றின் ஜிசிஎம் 5850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3500 கிலோ கேரவனைப் பூட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2350 கிலோ. வண்டியே 2100 கிலோ எடையுள்ளதானால், ஓட்டுநர் முதல் குளிர்பெட்டி வரை அனைத்தும் 250 கிலோவுக்குள் அடங்க வேண்டும். விற்பனையாளர் சொல்லும் எண் பொய்யல்ல. மற்ற எண்களைச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

கொக்கியின் மேல் அழுத்தும் எடை, கேரவனின் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருப்பது நல்லது என்பார்கள். மிகக் குறைந்தால், வேகமெடுக்கும்போது கேரவனின் பின்பகுதி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிக் காரையும் இழுத்து ஆட்டும். மிக அதிகமானால் காரின் முன்சக்கரங்கள் மேல் பாரம் குறைந்து, ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிமானம் இழக்கும். எங்கள் காரில் இதற்கான வரம்பு 250 கிலோ.

குளியலறை எடைக்கருவி அவ்வளவு தாங்காது என்பதால், வலுவான பலகையின் ஒரு முனையை அந்தக் கருவியின் மேலும் மறு முனையை ஓர் இரும்புக் குழாயின் மேலும் வைத்து, பலகையின் எடை கணக்கில் சேராதபடி கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். குழாயிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கேரவனை மட்டமாக வைத்து, அதன் முனையை மெல்ல அக்கட்டையின் மேல் இறக்கினேன். கருவி காட்டிய 88-ஐ மூன்றால் பெருக்க 264 கிலோ வந்தது. ஆக, அங்கேயும் 14 கிலோ அதிகம்.

இரண்டு தொட்டிகளில் எதைக் காலி செய்தாலும் மொத்த எடை 2365 கிலோவுக்கு இறங்கிவிடும். ஆனால் சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியைக் காலி செய்தால் கொக்கியின் மேல் பாரம் இன்னும் ஏறியிருக்கும். ஆகவே முன்தொட்டியைத் திறந்துவிட்டேன். தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகு மறுபடி அளந்தபோது கருவி 82 காட்டியது. 246 கிலோ! வழியில் ஹார்ஷம் ஊரில் இரவு தங்கிய கேரவன் பூங்காவில் எங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் இருந்தது. சமையலுக்கு இரண்டு குடுவைகள் பிடித்துக்கொண்டதோடு சரி.