ஒரு சொல்லைத் திருத்த மூன்று வாரம்

நான் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளின் ஆவணத்தில், டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு இணைப்பைக் கைவிடுவது என்ற) மதிப்பை விநாடியில் கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நிரலோ அதை மில்லிவிநாடியாக எடுத்துக்கொள்கிறது. நம்பி 30 கொடுத்தேன். இணைப்பு கிடைப்பதற்குள் அறுந்து அறுந்து போனது. காரணம் புரிவதற்குள் ஒரு ராத்திரி போய்விட்டது. அடுத்து வருபவருக்கு இந்தப் பாடு வேண்டாம் என்று நானே திருத்த உட்கார்ந்தேன்.

ஃபோர்க் (திட்டத்தின் சொந்த நகல்), கிளை (மாற்றத்துக்கான தனிப் பதிப்பு), கமிட் (மாற்றத்தைப் பதிவது), புல் ரிக்வெஸ்ட் (அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தன. மறுநாள் ஒரு பராமரிப்பாளர், "பங்களிப்பு வழிகாட்டியைப் பார்க்கவும்" என்று ஒரே வரி எழுதிவிட்டு என் கோரிக்கையை மூடிவிட்டார். எதைப் பார்ப்பது? அது எத்தனையோ பக்கம். அந்த ஒரு வரி உண்மையாகவே வலித்தது.

படித்துப் பார்த்தபின் விளங்கியது. நான் திருத்திய கோப்பு, நிரலுக்குள் இருக்கும் விளக்கக் குறிப்புகளிலிருந்து ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தானாக உருவாவது. அதில் எதை மாற்றினாலும் அடுத்த முறை அழிந்துவிடும். "கையால் திருத்தாதீர்கள்" என்று முதல் வரியிலேயே இருக்கிறது. நான் தேடல் வழியாக நேரே 340-ஆவது வரிக்குப் போனதால் கண்ணில் படவில்லை. திருத்தும் முன் கோப்பின் தலையைப் பார்த்துவிடுங்கள்.

சரி, மூலக் குறிப்பைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். இந்த முறை தானியங்கிச் சோதனையில் சிவப்பு: கமிட்டில் 'சைன்ட் ஆஃப் பை' வரி இல்லை. இது என் சொந்த வேலை, இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று சொல்லும் உறுதிமொழி அது. 2004-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக வந்த வழக்கம். கமிட் கட்டளையோடு மைனஸ் எஸ் (-s) சேர்த்தால் போதும். சேர்த்தேன், மறுபடியும் சிவப்பு. கமிட்டில் இருந்தது அலுவலக மின்னஞ்சல், கையொப்பத்தில் இருந்தது சொந்த மின்னஞ்சல். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அந்தச் சோதனை விடும்.

அதற்கப்புறம் எடிட்டர் வேலையைக் காட்டியது. கோப்பைச் சேமிக்கும்போது வரிக்கடைசி வெற்றிடங்களை எல்லாம் அதுவே நீக்கியிருக்கிறது. நான் மாற்றியது ஒரு சொல். மாற்றப் பட்டியலில் இருந்தது 212 வரி. அதற்குள் என் திருத்தத்தை யார் தேடுவார்கள்? எட்டு நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தானாகச் சீரமைக்கும் அமைப்பை அந்தத் திட்டத்துக்கு மட்டும் அணைத்து வையுங்கள். அனுப்பும் முன் எந்த வரிகள் மாறின என்று காட்டும் கிட் டிஃப் கட்டளையை ஓட்டி ஒரு தடவை பாருங்கள்.

வெற்றிட மாற்றங்களை விலக்கிவிட்டு, பணிவாக ஒரு நினைவூட்டல் போட்டேன். வேறொரு பராமரிப்பாளர் அன்றே பதில் எழுதினார். மென்பொருளின் வழிகாட்டிப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். சேர்த்தேன். அங்கும் ஒரு தடங்கல்: தலைப்புக்கு அடியில் போடும் கோடு தலைப்பைவிட ஓர் எழுத்து குட்டை. ஆவணப் பக்கங்களை உருவாக்கும் கருவியான ஸ்ஃபிங்க்ஸுக்கு அது வெறும் எச்சரிக்கைதான், ஆனால் இந்தத் திட்டத்தில் எச்சரிக்கை வந்தாலே பில்ட் (ஆவணத்தை உருவாக்கும் வேலை) நின்றுவிடும். அவர் கோபப்படாமல், சொந்தக் கணினியிலேயே முதலில் ஆவணத்தை உருவாக்கிப் பார்ப்பது எப்படி என்று நான்கு வரியில் விளக்கினார். அந்த நான்கு வரி முதல் நாளே கிடைத்திருந்தால் பாதி அலைச்சல் இருந்திருக்காது.

போன வாரம் திருத்தம் சேர்ந்தது. புதிய பக்கத்தைத் திறந்து, "மில்லிவிநாடி" என்ற சொல்லை இரண்டு மூன்று முறை பார்த்துக்கொண்டேன். அதே பிழை இன்னும் இரண்டு இடங்களில் இருக்கிறது. அவற்றை இன்று காலை அனுப்பினேன்; எல்லாச் சோதனையும் முதல் முறையே பச்சை.