காயில் கட்டும் அப்பாவும் இண்டியானா மின்விசிறிகளும்

2017 ஜூலை. அப்பா இண்டியானாபோலிஸ் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நயாகரா போய் நனைந்தாயிற்று, சிகாகோவில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தாயிற்று, கோயிலுக்கும் இரண்டு தடவை போய் வந்தாயிற்று. அதற்கப்புறம் அவர் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஹாலில் இருந்து சமையலறை, சமையலறையில் இருந்து ஹால். "ஊரெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, தெருவுல ஒரு மனுஷனைக் காணோமே" என்பது தினசரிப் புகார்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை நான் வேலையில் இருந்தபோது, எங்கள் படுக்கையறை ஃபேன் லேசாகக் கிரீச்சிடுகிறது என்று நாற்காலி போட்டு ஏறி, டவுன் ராடு கப்பை இறக்கி, ஃபேனையே கழற்றி டைனிங் டேபிளில் பரப்பி வைத்துவிட்டார். வாடகை வீடு அது. என் கணவர் போட்டோ எடுத்து அனுப்பினார், செய்தி எதுவும் எழுதவில்லை, போட்டோ மட்டும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நாற்பது வருடமாக வைண்டிங் கடை வைத்திருக்கிறார். ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், தண்ணி மோட்டார், எது கருகிப்போனாலும் காயில் கட்டித் தருவார். எங்கள் வீட்டு வாசனையே வார்னிஷ் வாசனைதான். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் தம்பியும் கருகிய ஸ்டேட்டரில் (மோட்டாரில் சுற்றாமல் நிற்கும், கம்பி சுற்றிய பாகம்) இருந்து பழைய செம்புக் கம்பியை உருவிக் கொடுப்போம், கிலோக் கணக்கில் அது பழைய இரும்புக்காரருக்குப் போகும், அந்தக் காசில்தான் எங்களுக்குப் பரோட்டா.

இப்படிப்பட்ட மனிதரை நயாகராவுக்குக் கூட்டிப்போனது என் தப்புதான். அன்று ராத்திரி ஃபேனைத் திரும்ப மாட்டிவிட்டு (கிரீச் சத்தம் சுத்தமாகப் போயிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்) தேடியபோதுதான், எங்கள் வீட்டில் இருந்து அரை மணி நேரத்தில் பழைய மின்விசிறிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருப்பது தெரிந்தது. நடத்துவது பழைய ஃபேன் சேகரிப்பவர்களின் சங்கம். ஆன்டிக் ஃபேன் கலெக்டர்ஸ் அசோசியேஷன் என்று பெயர். அப்பாவிடம் சொன்னேன். "ஃபேனுக்கு மியூசியமா? ஓடாத ஃபேனா, ஓடுற ஃபேனா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "ஓடாததுன்னா நம்ம கடையிலயே இருக்கே."

ஸயன்ஸ்வில் என்ற அந்த ஊர் இண்டியானாபோலிஸுக்கு வடமேற்கே இருக்கிறது. கடைத்தெரு முழுக்கச் செங்கல் பாவிய ரோடு, கார் போகும்போது தடதடவென்று சத்தம், அப்பாவுக்கு அதுவே பிடித்துவிட்டது. அருங்காட்சியகம் கடைத்தெருவில் இல்லை. ஊரை ஒட்டிய தொழில் பகுதியில், ஃபேனிமேஷன் என்ற சீலிங் ஃபேன் கம்பெனியின் கட்டடத்துக்குள் இருந்தது. இந்தக் கம்பெனி 1984-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதன் ஆரம்ப காலத் தயாரிப்பின் பெயரைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது: பங்கா. நம் ஊர்க் கோர்ட்டுக் கச்சேரிகளிலும் வெள்ளைக்காரர் பங்களாக்களிலும் தாழ்வாரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கயிற்றை இழுத்து இழுத்து ஆட்டிய, கூரையில் தொங்கும் பெரிய விசிறி, அதே பங்கா. கயிறு இழுத்தவர்கள் தூங்கிவிடாமல் இருக்கக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது இங்கே மோட்டார் வைத்து, விலை உயர்ந்த வீடுகளின் கூரையில் ஆடுகிறது.

உள்ளே நுழைந்ததும் வரிசை வரிசையாக ஃபேன்கள். எண்ண ஆரம்பித்து நூற்றைம்பதில் விட்டுவிட்டேன். பித்தளை இறக்கை, பித்தளைக் கூண்டு, வார்ப்பிரும்பு அடிப்பாகம். அப்பா பேசவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீனாட்சியம்மன் கோயில் பிராகாரத்தில் நடப்பது போல நடந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் வாய் திறந்தார், "கூண்டுக் கம்பியைப் பாத்தியா, எவ்வளவு இடைவெளி. குழந்தை கையை விட்டா அவ்வளவுதான்." அது உண்மைதான். அந்தக் காலத்துக் கூண்டு, ஃபேன் கீழே விழுந்தால் இறக்கை வளையாமல் இருக்கத்தான், நம் விரலுக்காக இல்லை.

கதை 1882-ல் தொடங்குகிறது. நியூயார்க்கில் ஷைலர் வீலர் என்ற பொறியாளர் இரண்டு இறக்கை வைத்து மேசை ஃபேன் செய்தார், கூண்டே கிடையாது. அதே 1880-களில் பிலிப் டீல், சிங்கர் தையல் மிஷின் கம்பெனியில் வேலை பார்த்தவர், தையல் மிஷினுக்கென்று தான் செய்த மோட்டாரில் இறக்கையை மாட்டிக் கூரையில் தொங்கவிட்டார். நம் தலைக்கு மேல் சுற்றுவதன் கொள்ளுத்தாத்தா தையல் மிஷின் மோட்டார் என்று அப்பாவிடம் சொன்னேன். "தையல் மிஷின் மோட்டார்ல கார்பன் வேணுமே" என்றார். இருந்தது. ஆரம்பகால ஃபேன்கள் ஒரே திசையில் ஓடும் டிசி கரண்டில், சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் வைத்து ஓடியவை. நியூயார்க்கில் சில பழைய கட்டடங்களுக்கு 2007 வரை டிசி கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நம்பவே மாட்டேன் என்றார்.

ஜெனரல் எலக்ட்ரிக்கின் பழைய ஃபேன் ஒரு வரிசை, மோட்டார் தட்டையாக, அகலமாக இருக்கும். சேகரிப்பவர்கள் அதைப் பேன்கேக் என்கிறார்கள். எனக்கென்னவோ ஆப்பச்சட்டியை நட்டு வைத்த மாதிரி இருந்தது. வெஸ்டிங்ஹவுஸ் ஃபேன் ஒன்றின் தகட்டில் டெஸ்லாவின் காப்புரிமை. அந்தக் காலத்து ஏசி கரண்ட் (திசை மாறி மாறி ஓடுவது) பல ஊர்களில் நொடிக்கு 133 சைக்கிள், இப்போது அமெரிக்காவில் 60, அதனால் அந்த ஃபேன்களை அப்படியே பிளக்கில் செருகினால் சூடாகிவிடும். அப்பா இதைக் கேட்டதும் நம் ஊர் 50 சைக்கிள் மிக்ஸியை இங்கே கொண்டுவந்து ஓட்டியவர்கள் கதை இரண்டு சொன்னார், அதை இங்கே எழுதினால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

நான் நின்று பார்த்தது ஒரு தலையாட்டி ஃபேன். இப்போது தலையாட்டும் ஃபேனுக்குள் பல்சக்கரம் இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் வந்த இதில் ஒன்றும் கிடையாது. இறக்கைக்கு முன்னால் ஒரு கம்பி, அதன் நுனியில் வட்டத் தகடு, குச்சி மிட்டாய் மாதிரி (பெயரே லாலிபாப்தான்). ஃபேன் காற்று அந்தத் தகட்டில் பட்டு, அந்தத் தள்ளலிலேயே ஃபேனின் தலை ஒரு பக்கம் திரும்புகிறது. கடைசி வரை போனதும் ஒரு தடுப்பில் இடித்து, தகடு தட்டென்று மறுபக்கம் சாய்கிறது. இப்போது காற்று அந்தப் பக்கம் தள்ளுகிறது, தலை திரும்பி வருகிறது. தன் காற்றிலேயே தான் திரும்பும் ஃபேன். ஓட விட்டுக் காட்டினார்கள். அந்தத் தட் சத்தத்துக்காக நாங்கள் இருவரும் பத்து நிமிடம் நின்றிருப்போம்.

ஓட்டிக் காட்டியவர் சங்கத்தின் பழைய உறுப்பினர், எழுபதைத் தாண்டிய வயது, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஸ்குரூ டிரைவர். அப்பா பையிலும் ஊரில் அப்படித்தான் இருக்கும். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். நான் மொழிபெயர்க்க, சங்கம் எப்படி ஆரம்பித்தது என்று அப்பாதான் கேட்டார்.

அவர் பெருமையாக ஒன்றும் சொல்லவில்லை. 1980-களின் தொடக்கத்தில், தான் ஒருவன்தான் பைத்தியம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். ஏர்கண்டிஷனர் வந்தபின் பழைய ஃபேன் எல்லாம் கார் ஷெட்டிலும் பரணிலும் கிடந்தது. பித்தளை என்பதால் உருக்கவும் போனது. இவர் எமர்சன் ஃபேன் ஒன்றை ஒரு பழைய சாமான் சந்தையில் வாங்கினார். எமர்சன் செயின்ட் லூயிஸில் 1890-ல் தொடங்கி, 1892 வாக்கில் ஃபேன் விற்க ஆரம்பித்த கம்பெனி. ஃபேன் நன்றாகவே இருந்தது, ஒரே ஒரு பல்சக்கரம் தேய்ந்திருந்தது. அந்தச் சக்கரத்துக்காக இரண்டு வருடம். செய்தித்தாள் வரிவிளம்பரத்தைத் தேடிப் பிடித்து வேறு மாநிலத்து ஆள் ஒருவருக்குக் கடிதம் போட்டால், அவரிடம் சக்கரம் இருக்கிறது, ஆனால் அவருக்கு ஒரு இறக்கை வேண்டும். அந்த இறக்கை இருப்பது மூன்றாவது ஆளிடம். இப்படித்தான் பெயரும் முகவரியும் சேர்ந்து பட்டியலாகியது, பட்டியலுக்குச் செய்திமடல் போனது, அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவது. ஃபேன் ஃபேர் என்கிறார்கள். கார் டிக்கியைத் திறந்து வைத்து உதிரிப் பாகம் மாற்றிக்கொள்வதுதான் அங்கே முக்கிய நிகழ்ச்சி, மேடைப் பேச்சுக்கு ஆள் வராது என்றார். முதலில் அமெரிக்கன் ஃபேன் கலெக்டர்ஸ் என்றுதான் பெயர், பிறகுதான் அமெரிக்கன் போய் ஆன்டிக் ஆனது.

இந்த அருங்காட்சியகம் இதற்கு முன் கேன்சஸில் ஆண்டோவர் என்ற ஊரில், வொர்னாடோ ஃபேன் கம்பெனியில் இருந்தது. வொர்னாடோ கதை தனி. விச்சிட்டாவில் ஓ.ஏ. சட்டன் என்பவரின் கம்பெனி 1940-களின் நடுவில் இருந்து செய்த ஃபேன், சுழல், சூறாவளி இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்த பெயர். 1950-களின் கடைசியில் அது நின்றுபோனது. ஒரு தள்ளுபடிக் கடை நிறுவனம் அதை வாங்கி, பெயரை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டது. இன்று நியூயார்க்கில் வானளாவிய கட்டடங்களை வைத்திருக்கும் வொர்னாடோ ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் பெயர் அந்த ஃபேனில் இருந்து வந்ததுதான். பிறகு 1980-களின் கடைசியில் அந்தப் பெயரில் திரும்பவும் ஃபேன் வந்தது. அப்பாவுக்கு ரியல் எஸ்டேட் பகுதி சுவாரசியப்படவில்லை. கோட்டு போட்ட ஆள் மாதிரி இருக்கும் அந்த ஃபேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இறக்கையைச் சுத்திக் குழாய் வச்சிருக்கான், காத்து சிதறாம போகும்" என்று மட்டும் சொன்னார்.

இன்னும் இருந்தன. மண்ணெண்ணெய் விளக்கைக் கீழே ஏற்றி வைத்தால் அந்தச் சூட்டில் சுற்றும் ஃபேன், கரண்ட் இல்லாத இடங்களுக்காகச் செய்தது, நம் நாட்டுக்கும் நிறைய வந்திருக்கிறது. காற்றுக்காக நெருப்பு மூட்டுவது! மதுரை மே மாதத்தில் அதை ஏற்றி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

புறப்படும் நேரத்தில்தான் அது நடந்தது. பெரியவர் தன் சொந்த ஃபேன் ஒன்றைப் பக்கத்து மேசையில் வைத்திருந்தார், சுவிட்ச் போட்டால் உம்மென்று உறுமுகிறது, சுற்றவில்லை. அப்பா என்னிடம் கேட்கக்கூட இல்லை. பெரியவர் சட்டைப் பையில் இருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து, கூண்டுக்குள் விட்டு இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார். ஃபேன் சீறிக்கொண்டு ஓடியது. ரயிலில் சீப்பை விட்டு ஃபேனைக் கிளப்பாத தமிழர் யாராவது உண்டா? பெரியவர் முகத்தைப் பார்த்தால் மந்திரம் போட்டது மாதிரி.

"ஸ்டார்ட்டிங் காயில் போயிருக்கும். இல்லாட்டி உள்ள சுவிட்ச் கான்டாக்ட் புடிக்கல. முதல்ல கான்டாக்டைப் பாக்கச் சொல்லும்மா" என்றார் அப்பா. நான் முதல் பாதியை மொழிபெயர்ப்பதற்குள் பெரியவர் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் என் தேவை இருக்கவில்லை. எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ் என்பதெல்லாம் விரலிலும் தாளிலும் நடந்தது. அமெரிக்கக் கேஜ் எண் வேறு, நம் எண் வேறு என்பதில் ஒரு சண்டை வந்து, மைக்ரோமீட்டர் வைத்துச் சமாதானமானது. கான்டாக்டில்தான் கரி படிந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டி, கை வைக்காமல் அதுவாகக் கிளம்பிய ஃபேனைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மாலை ஐந்தரை. மதியம் சாப்பிடவே இல்லை.

காரில் அப்பா ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார், கடை ஆரம்பித்த புதிதில் ஒரு வக்கீல் வீட்டில் இருந்து பித்தளை இறக்கை வைத்த மேசை ஃபேன் ஒன்று வந்ததாம், வாங்க யாரும் திரும்பி வரவில்லையாம், நாலு வருடம் வைத்திருந்துவிட்டு எடைக்குப் போட்டாராம். "நல்ல வெயிட்டு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் அம்மா போனில் சத்தம் போட்டாள். பழைய இரும்புக்காரர் வந்தால் மூன்று ஸ்டேட்டரையும் ஒரு பச்சை நிற ஃபேனையும் கொடுக்க மாட்டேன் என்கிறாராம், பரணில் ஏற்றி வைத்திருக்கிறாராம், வெண்கலப் பானை வைக்க இடமில்லையாம். அப்பா போனை வாங்கினார். சாப்பிட்டாயா என்று கேட்டார், பேரனைக் கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெரியவர்கிட்ட ஒரு பின் பக்கத்துப் புஷ் இருக்குமான்னு கேளேன். உள் அளவு நான் எழுதி போட்டோ அனுப்புறேன்" என்றார்.