மீதி ஒன்றைத் தேடி: பாரிஸிலிருந்து லண்டன் வரை

பாரிஸ் மெட்ரோவில் 'ஆர் ஏ மெத்தியே' நிலையத்தின் 11-ஆம் தடத்தில் இறங்குங்கள். சுவர் முழுக்கச் செம்புத் தகடு, வட்ட ஜன்னல்கள், கூரையில் தொங்கும் பற்சக்கரங்கள். மேலே ஏறினால் பழைய மடாலயக் கட்டடத்தில் அதே பெயருடைய அருங்காட்சியகம். பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோவின் ஊசலைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம். நான் போனது பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கலின் கணக்குப் பெட்டிகளுக்காக, அதாவது கையால் சுழற்றும் கூட்டல் பொறிகளுக்காக.

9-உடன் 1 கூட்டினால் பூஜ்யம் போட்டு, மீதி ஒன்றை அடுத்த இலக்கத்தில் சேர்க்கிறோம். மனிதனுக்கு அது ஒரு நொடி வேலை. இயந்திரத்துக்கு அதைச் சொல்லித் தருவதற்குள் பெரிய மூளைகளெல்லாம் திணறிப்போயின. கணிப்பொறிகளின் வரலாற்றை நான் இந்த ஒரு 'மீதி'யை வைத்துத்தான் படித்து வருகிறேன்.

ரூவான் நகரில் வரிக் கணக்கோடு மல்லுக்கட்டிய தந்தைக்காக 1642-இல் பிளேஸ் பாஸ்கல் இந்த வேலையைத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பெட்டி, செருப்புப் பெட்டி அளவுதான். மேலே ஆரங்கள் வைத்த சக்கரங்கள். ஒரு குச்சியால் அவற்றைச் சுழற்ற வேண்டும். பண வரவு செலவுக்கென்று செய்த பெட்டிகளில் வலது ஓரச் சக்கரத்துக்கு 12 ஆரங்கள், அடுத்ததற்கு 20, மற்றவற்றுக்குப் பத்து. அன்றைய பிரான்ஸில் 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லீவ்ர். அந்தக் காலத்துப் பணமே பித்தளையில் பதிந்து நிற்கிறது!

சூட்சுமம் உள்ளே. 999999-உடன் ஒன்றைக் கூட்டினால் எல்லாச் சக்கரங்களும் நகர வேண்டும். அத்தனைக்கும் ஒரு விரலின் பலம் போதாது. எனவே ஒவ்வொரு சக்கரமும் 9-ஐ நெருங்கும்போதே ஒரு சிறு எடையைத் தூக்கி வைத்துக்கொள்ளும். 9-ஐத் தாண்டியதும் எடை விழுந்து, அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளிவிடும். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் சக்கரம் பின்னோக்கிச் சுழலாது, கழித்தலுக்குச் சுற்றுவழிதான்.

பிறகு ரயிலேறி லண்டன், சௌத் கென்சிங்டனில் உள்ள அறிவியல் அருங்காட்சியகம். ஆங்கிலேயக் கணித மேதை சார்லஸ் பாபேஜின் இரண்டாம் வித்தியாசப் பொறி (Difference Engine No. 2), திரும்பத் திரும்பக் கூட்டியே கணக்கு அட்டவணைகள் போடும் இயந்திரம், அங்கே ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. வரைபடங்கள் 1847-49 காலத்தவை. பாபேஜின் முதல் வித்தியாசப் பொறிக்கு 17,000 பவுண்டு செலவிட்டுவிட்டு 1842-இல் கைவிரித்த அரசாங்கம், இதற்குக் காசு தரவில்லை. பாபேஜின் 200-ஆவது பிறந்த ஆண்டான 1991-இல்தான் அருங்காட்சியகமே இதன் கணக்கிடும் பகுதியைக் கட்டி ஓட்டிக் காட்டியது. சுமார் 4,000 உறுப்புகள், 31 இலக்க எண்கள். அவர் போட்ட கணக்கு சரிதான் என்று நிரூபிக்க ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. எனக்கு அங்கே நெஞ்சு அடைத்துப்போனது.

பாபேஜின் பொறியில் மீதி உடனே ஏறுவதில்லை. சக்கரம் 9-ஐத் தாண்டினால் ஒரு சிறு நெம்புகோல் நகர்ந்து, 'இங்கே மீதி உண்டு' என்று குறித்துவைக்கும். கூட்டல் முடிந்த பிறகு, சுருளாக அடுக்கிய கைகள் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இலக்கத்தையும் தொட்டு, குறித்த இடத்தில் ஒன்றை ஏற்றும். உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள். நினைவகத்தின் முதல் சாயலை நான் அந்த நெம்புகோலில்தான் பார்க்கிறேன்.

அடுத்து ஹனோவர் போக வேண்டும். ஜெர்மன் தத்துவ, கணித மேதை லைப்னிட்ஸின் பெருக்கல் பொறி அங்கே இருக்கிறது. அவருடைய பொறியில் மீதி சில சமயம் பாதியில் நின்றுவிடும்; பின்பக்கத்து ஐங்கோணத் தகடுகளைப் பார்த்து, கையால் தள்ளி முடிக்க வேண்டும்.